வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்குறதுக்கு முன்னாடி சுவரைப் பாருங்க: இடிக்காம ஓதத்தையும் பூஞ்சையையும் கண்டுபிடிக்கிறது எப்படி?

கடலூர், சிதம்பரம் பக்கம் வீடு வாங்குறவங்க 30 வருஷத்துக்கு வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பாக்குறாங்க. மூலப்பத்திரம், பட்டா, லீகல் ஒப்பீனியன் எதையும் விடுறதில்ல. நல்ல விஷயம்தான். ஆனா அதே வீட்டோட சுவரைப் பத்து நிமிஷம் நின்னு பாத்தவங்க எத்தனை பேர்? ஹால் எவ்வளவு பெருசு, பார்க்கிங் இருக்கா, வாஸ்து சரியா, அவ்வளவுதான். பெயிண்ட் புதுசா பளபளன்னு இருந்தா அதுக்கே மனசு விழுந்துடுது.

ஒரு ஆடிட்டர் எதுக்குப்பா சுவர், பூஞ்சைன்னு பேசுறார்னு நீங்க கேக்கலாம். கணக்கைப் பாத்தா புரியும். 40 லட்ச ரூபாய் வீடு, 20 வருஷக் கடன்னு வச்சுக்குங்க. 30 லட்சத்துக்கு மேல 75 லட்சம் வரைக்கும் உள்ள கடனுக்கு, ரிசர்வ் வங்கி விதிப்படி வீட்டு மதிப்புல அதிகபட்சம் 80 சதவீதம்தான் பேங்க் கொடுக்க முடியும். அதாவது 32 லட்சம். மீதி 8 லட்சம் உங்க கைக்காசு. முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம். 40 லட்சத்துக்கு 3 லட்சத்து 60 ஆயிரம். இதுவும் கைக்காசுதான். 11 லட்சத்து 60 ஆயிரம் போட்டு, 8.5 சதவீத வட்டியில மாசம் கிட்டத்தட்ட 27,770 ரூபாய் ஈ.எம்.ஐ. கட்ட ஆரம்பிக்கும்போது சேமிப்பு அக்கவுண்ட் ஏறக்குறைய காலி. அந்த நேரம் பாத்து சுவர் கறுத்தா அந்த ரிப்பேருக்குப் பர்சனல் லோன்தான் போவீங்க. 2 லட்சம், 14 சதவீதம், 3 வருஷம்னா மாசம் 6,835 ரூபாய். வட்டி மட்டும் 46,000 ரூபாய்க்கு மேல. அந்த 3 லட்சத்து 60 ஆயிரத்தை, வீடு பிடிக்கலன்னு வித்தாலும் யாரும் திருப்பித் தரப்போறதில்ல.

அதனால சோதனை எல்லாம் அக்ரிமெண்ட் அட்வான்ஸுக்கு முன்னாடி நடக்கணும். பேங்க் அனுப்புற வேல்யூயர் பாத்துக்குவார்னு நினைக்காதீங்க. அவர் வர்றது, கடனுக்கு ஈடா அந்தச் சொத்து எவ்வளவு பெறும்னு மதிப்புப் போட. அலமாரியை நகர்த்தி, பின்னாடி என்ன பூத்திருக்குன்னு பாக்குறது அவர் வேலை இல்ல.

நம்ம ஊர் சுவருக்கு ஒரு சரித்திரம் இருக்கு

2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரையைக் கடந்தது. 2015 நவம்பர்ல மாவட்டமே வெள்ளக்காடு. 2020 டிசம்பர்ல புரெவி சமயத்துல சிதம்பரத்துல நடராஜர் கோயிலுக்குள்ளயே தண்ணி நின்னுச்சு. 2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புதுச்சேரி பக்கத்துல கரையேறி முடிஞ்சதும், சாத்தனூர் அணைத் தண்ணி தென்பெண்ணையில வந்து கடலூர் ஆத்தோர நகர்களுக்குள்ள புகுந்தது. இப்ப விக்கிற, வாடகைக்கு விடுற வீடுகள்ல பல வீடு இதுல ஒண்ணையாவது பாத்திருக்கும்.

கட்டின வீடு வெள்ளத்துல நனைஞ்சா வெளியில சீக்கிரம் காஞ்ச மாதிரி தெரியும். செங்கல் உள்ள ஈரம் மாசக்கணக்குல நிக்கும். தண்ணி வத்திப் போனாலும் அது கொண்டுவந்த உப்பு சுவர்லயே தங்கிடும். கடலூர் முதுநகர், தேவனாம்பட்டினம் மாதிரி கடல் ஓரத்துல இது இன்னும் அதிகம். அந்த உப்பு காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். மழையும் இல்லாம, பைப்பும் ஒழுகாம, மந்தாரமான நாள்ல மட்டும் சுவர் வேர்த்த மாதிரி இருந்தா காரணம் இதுதான்.

அப்புறம் சீசன் விளையாட்டு ஒண்ணு இருக்கு. ஐப்பசி, கார்த்திகையில நனையிற வீட்டைத் தையில பட்டி பாத்து, பெயிண்ட் அடிச்சு, பங்குனியில விப்பாங்க. சித்திரை வெயில்ல எந்தச் சுவரும் யோக்கியமாத்தான் தெரியும். முடிஞ்சா மழை காலத்துல போய்ப் பாருங்க. முடியலன்னா பக்கத்து வீட்டுத் திண்ணையில உக்காந்து, "ஃபெஞ்சலப்போ இங்க எவ்வளவு தண்ணி நின்னுச்சு?"ன்னு கேளுங்க. விக்கிறவர் சொல்லாததை எதிர் வீட்டு அம்மா சொல்லிடுவாங்க. காம்பவுண்டு சுவர்ல பழைய தண்ணிக் கோடு இருக்கா, ஈ.பி. மீட்டர் போர்டை மேல ஏத்தி மாட்டியிருக்காங்களான்னும் ஒரு பார்வை.

கறை எங்க இருக்குன்னு பாத்தாலே பாதி பதில்

தரையிலிருந்து ரெண்டு மூணு அடி உயரம் வரைக்கும், ஒரு கோடு போட்ட மாதிரி பெயிண்ட் உப்பி உதிர்ந்தா, அது அடியிலிருந்து ஏறுற ஓதம். அஸ்திவாரத்துக்கு மேல ஈரத் தடுப்புப் பூச்சு சரியா இல்லன்னு அர்த்தம். சீலிங் ஓரத்துல மஞ்சள் வட்டம்னா மொட்டை மாடி, இல்லன்னா மேல் வீட்டு பாத்ரூம். சுவர் நடுவுல தனியா ஒரு திட்டுன்னா உள்ள போற பைப். ஜன்னலுக்குக் கீழ ரெண்டு மூலையும் கறுத்திருந்தா சன்ஷேட்லயோ ஃபிரேம் ஓரத்துலயோ சாரல் இறங்குது.

இது எதுவும் இல்லாம அலமாரிக்குப் பின்னாடி, கட்டில் தலைமாட்டுக்குப் பின்னாடி மட்டும் கறுப்புப் புள்ளி புள்ளியா இருந்தா, அது வெளியிலிருந்து வந்த தண்ணியே இல்லாம இருக்கலாம். இதை நிறைய பேர் நம்ப மாட்டாங்க. பூஞ்சைக்குச் சுவர் நனைஞ்சு சொட்டணும்னு அவசியமில்ல. சுவரை ஒட்டின காத்துல ஈரப்பதம் தொடர்ந்து 80 சதவீதத்தைத் தாண்டினாலே போதும். நம்ம ஊர்ல வெளிக்காத்து 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம்ங்கிறது சாதாரண நாள். பெட்ரூம்ல ராத்திரி பூரா 22-ல ஏ.சி. ஓடுனா அந்தச் சுவரோட மறுபக்கமும் குளிரும். அந்தப் பக்கம் சுவர் 28 டிகிரிக்கு இறங்கினாலே, அதை ஒட்டின காத்துல ஈரப்பதம் 90 சதவீதத்தை எட்டிடும். அங்க ஒரு பெரிய அலமாரியைக் காத்தே போகாம ஒட்டி நிறுத்தியிருந்தா, பூஞ்சைக்கு நீங்களே ரூம் போட்டுக் கொடுத்த மாதிரி. அலமாரியை நாலு விரக்கடை முன்னால இழுத்து, ஏ.சி.யை 26-ல வச்சா பாதிப் பிரச்சினை ஓசியிலயே தீரும். இதுக்குப் போய் டைல்ஸை உடைக்கச் சொன்னா என்ன நியாயம்?

வெள்ளையா மாவு மாதிரி பூத்திருக்கிறது எல்லாம் பூஞ்சை இல்ல, அது உப்பு. விரல்ல தேய்ச்சா கரகரக்கும், ஒரு சொட்டுத் தண்ணி விட்டா கரையும். பூஞ்சை கரையாது, ஈஷிக்கும். உப்பு மூச்சுக்குக் கெடுதி பண்ணாது, ஆனா பின்னாடி ஈரம் இருக்குங்கிறதுக்கு அது சாட்சி.

கையில என்ன எடுத்துட்டுப் போகணும்?

முதல் கருவி மூக்கு. வீட்டைக் காட்டுறவர்கிட்ட, ராத்திரி ஜன்னல் எல்லாம் சாத்திட்டு காலையில நான் வந்த பிறகு திறங்கன்னு சொல்லுங்க. கதவைத் திறந்ததும் மக்கின துணி வாடை அடிச்சா எங்கயோ இருக்கு. ஊதுபத்தியும் ரூம் ஸ்ப்ரேயும் தூக்கலா இருந்தா எனக்கு அதைவிடச் சந்தேகம். கிச்சன் சிங்க் அடி கப்போர்டு, பரண், பாத்ரூம் சுவருக்கு மறுபக்கம் இருக்கிற வார்ட்ரோப், இந்த மூணையும் திறந்து தலையை உள்ள விட்டு மோந்து பாருங்க. வெட்கப்படாதீங்க, 40 லட்சம்.

ரெண்டாவது மொபைல் டார்ச். நேரா அடிக்காதீங்க. சுவரோட ஒட்டி, பக்கவாட்டுல பிடிங்க. நேர்ல தெரியாத உப்பல், சுருக்கம், ஒரு இடத்துல மட்டும் புதுசா இழுத்த பட்டி எல்லாம் நிழல் விழுந்து காட்டிக்கொடுக்கும். மொத்த ரூமும் பழைய பெயிண்ட், ஒரு சுவர் மட்டும் புதுசுன்னா ஏன்னு கேக்கணும். விரல் மடக்கித் தட்டிக்கிட்டே போனா, காரை விட்டுப்போன இடம் டொக்கு டொக்குன்னு பொள்ளலா கேக்கும். ஸ்கர்ட்டிங் ஓரம், கதவு நிலையோட அடிக்கால், துருப்பிடிச்ச திருகாணி, ஊதிப்போன ப்ளைவுட்டையும் பாத்துடுங்க.

எலக்ட்ரீஷியனைக் கூட்டிட்டுப் போக முடிஞ்சா, மெயினை ஆஃப் பண்ணிட்டு, சந்தேகப்படுற சுவர்ல ரெண்டு சுவிட்ச் போர்டைக் கழட்டிப் பாக்கச் சொல்லுங்க. சுவருக்கு உள்ள எட்டிப் பாக்க யாரோ ஏற்கனவே வெட்டி வச்ச ஜன்னல் அது. பெட்டி உள்பக்கம் துரு, ஈரம், பூசணம் இருந்தா தெரிஞ்சுடும். இதை நீங்களே செய்யாதீங்க, ஈரச் சுவர்ல கரண்ட் விளையாட்டு வேண்டாம்.

மாய்ஸ்ச்சர் மீட்டர் ஆன்லைன்ல கிடைக்குது. ரெண்டு ஊசியைச் சுவர்ல வச்சா நம்பர் காட்டும். ஆனா அந்த ஸ்கேல் பெரும்பாலும் மரத்துக்குப் போட்டது. சிமெண்ட் பூச்சுல அந்த சதவீதத்தை அப்படியே எடுத்துக்கக் கூடாது. வீட்டுக்குள்ளயே நல்லா காஞ்ச சுவர் ஒண்ணுல முதல்ல வச்சு அந்த நம்பரை எழுதிக்குங்க. அப்புறம் சந்தேகச் சுவர்ல தரையிலிருந்து அரை அடிக்கு ஒருதரம் மேல ஏறிக்கிட்டே போங்க. கீழ அதிகம், மேல போகப் போகக் குறைஞ்சா ஏறு ஓதம். நடுவுல திடீர்னு எகிறினா பைப். ஒரு எச்சரிக்கை: இந்த ஊசி அளக்கிறது மின்தடையை. உப்பு இருந்தாலும் கரண்ட் நல்லா ஓடும், அதனால காஞ்ச சுவரையும் ஈரம்னு காட்டும். கடலூர்ல இது அடிக்கடி நடக்கும்.

அதை உறுதி பண்ண செலவே இல்லாத வழி ஒண்ணு இருக்கு. கிச்சன்ல இருக்கிற அலுமினியம் ஃபாயிலை ஒன்றரை அடி சதுரமா வெட்டி, நாலு ஓரமும் டேப்பால காத்துப் புகாம ஒட்டி, ஒரு நாள் விடுங்க. பிரிக்கும்போது சுவர் பக்கம் ஈரம்னா ஈரம் சுவருக்குள்ளிருந்து வருது. ரூம் பக்கம் ஈரம்னா காத்துல இருக்கிற ஈரம் படியுது. விக்கிறவர் ஒரு நாள் அனுமதிக்கலன்னா, அதுவும் ஒரு தகவல்தான்.

தெர்மல் கேமரா வச்சுக் காட்டுறவங்க இப்ப நிறைய வந்துட்டாங்க. அது ஈரத்தைப் பாக்கிறதில்ல, சூட்டு வித்தியாசத்தைத்தான் பாக்குது. ஈரமான இடம் குளிர்ச்சியா நீலமாத் தெரியும், ஏ.சி. காத்து படுற இடமும் அதே நீலம். மீட்டரும் அதே இடத்துல அதிகம் காட்டினாத்தான் நம்பணும். காத்துல பூஞ்சை எண்ணிச் சொல்ற டெஸ்ட் கிட்டுக்குக் காசு கொடுக்காதீங்க. பூஞ்சை வித்து எல்லா வீட்டுக் காத்துலயும் இருக்கும். எத்தனை இருந்தா ஆபத்துன்னு அமெரிக்க சுற்றுச்சூழல் அமைப்பான ஈ.பி.ஏ.வே ஒரு வரம்பு வைக்கல. எங்க ஈரம்ங்கிறதுதான் உங்களுக்குத் தேவையான கேள்வி.

குடிவந்த பிறகு தெரிஞ்சா

என்கிட்ட ரிட்டர்ன் ஃபைல் பண்ற ஒரு தம்பி, சிதம்பரத்துல தையில ஃபிளாட் வாங்கினார். ஆடிக்குள்ள பெட்ரூம் வார்ட்ரோப் பின்பக்கம் கறுப்பு. கூட இருக்கிற அம்மாவுக்கு ஏற்கனவே வீஸிங், அது அதிகமாச்சு. ஈரமான, பூஞ்சை பிடிச்ச வீட்டுக்கும் ஆஸ்துமாவுக்கும் தொடர்பு இருக்குன்னு உலக சுகாதார நிறுவனம் 2009-லயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கு, அதனால தள்ளிப்போடற விஷயமும் இல்ல. மூணு பேரைக் கூப்பிட்டுக் காட்டினார். ஒருத்தர் மேல் வீட்டு பாத்ரூம்னார். ஒருத்தர் வெளிச்சுவர் முழுக்க வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட்னார். மூணாவது ஆள் இவங்க பாத்ரூம் டைல்ஸ் மொத்தமும் எடுக்கணும், ஒன்றரை லட்சம்னார். லோன் எடுக்கலாமான்னு கேக்கத்தான் எனக்கு போன் பண்ணினார்.

லோனை விடுங்க, முதல்ல ஒண்ணொண்ணாக் கழிச்சுக்கட்டுவோம்னு சொன்னேன். ஆடிட்ல நாங்க செய்யிறதும் அதுதானே. முதல்ல டேங்க் சோதனை. ராத்திரி டேங்க்கை நிரப்பி, மோட்டாரை நிறுத்தி, எல்லாக் குழாயையும் ஃபிளஷ் டேங்க் வால்வையும் மூடி, டேங்க் உள்பக்கம் தண்ணி மட்டத்துல அடையாளம் வைக்கணும். ஃபிளாட்னா எல்லாரும் ஒத்துக்கணும், இல்லன்னா தனி டேங்க் இருக்கணும். இவருக்குத் தனி டேங்க் இருந்தது. மூன்றரை அடி விட்டம் உள்ள டேங்க்ல ஒரு இன்ச் இறங்கினா சுமார் 22 லிட்டர் எங்கயோ போயிருக்கு. தினம் ராத்திரி அப்படிப் போனா மாசம் 660 லிட்டர். மட்டம் இறங்கினா, மாடியில இருக்கிற கேட் வால்வை ஒவ்வொரு ராத்திரியும் ஒண்ணொண்ணா மூடி, எந்த லைன்னு பிரிச்சுடலாம். பிளம்பர்கிட்ட கைப்பம்பு இருந்தா பைப்புக்குப் பிரஷர் கொடுத்து முள் இறங்குதான்னு அரை மணி நேரத்துல பாத்துடுவார். தம்பி வீட்டுல மட்டம் அசையல. சப்ளை பைப் தப்பிச்சுது.

அடுத்தது தரை. பாத்ரூம் ஓட்டையைத் துணி, பாலிதீன் வச்சு இறுக்கி அடைச்சு, ரெண்டு இன்ச் தண்ணி கட்டி 24 மணி நேரம் விட்டார். மேல் வீட்டுக்காரரும் நல்ல மனுஷன், அவரும் கட்டி நிறுத்தினார். வார்ட்ரோப் பின்னாடி மீட்டர் நம்பர் மாறவே இல்ல. மழையும் அப்ப இல்ல.

மிச்சம் இருந்தது ஒண்ணே ஒண்ணு. சித்திரையிலிருந்து ஓடுற ஏ.சி. அதோட தண்ணி போற பைப்பைச் சுவருக்குள்ள விட்டு மறைச்சிருந்தாங்க. ஏ.சி. மெக்கானிக் ஒரு மக் தண்ணியில சொட்டு நீலம் கலந்து அந்தப் பைப்புல ஊத்தினார். வெளிமுனையில பாதிகூட வரல. சாயங்காலம் வார்ட்ரோப் பின்னாடி லேசா நீலம். சுவருக்குள்ள ஜாயிண்ட் விட்டிருக்கு. பழைய பைப்பை அடைச்சுட்டு, வெளியில தெரியிற மாதிரி புதுப் பைப் இழுத்தாங்க. நாலாயிரத்துக்குள்ள முடிஞ்சது. சுவர் காய ரெண்டு மாசம் விட்டு, அப்புறம்தான் சுரண்டிப் பெயிண்ட். காயாம அடிச்சா ஈரம் உள்ளயே மாட்டிக்கும், அடுத்த வருஷம் பக்கத்துல போய் உப்பும். உள்பக்கச் சுவர்ல டேம்ப் ப்ரூஃப் பெயிண்ட் அடிச்சு முடிச்சுடலாம்னு சொல்றவங்களை நான் நம்புறதே இல்ல. அது வலிக்கு மாத்திரை.

யார் காசு?

வாடகை வீடுன்னா, தமிழ்நாட்டுல 2019 பிப்ரவரி 22 முதல் அமல்ல இருக்கிற நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் சட்டம் ஒரு பட்டியலே கொடுத்திருக்கு. கட்டமைப்பு ரிப்பேர், வெள்ளையடிக்கிறது, தேவைப்பட்டா பைப் மாத்துறது, இதெல்லாம் ஓனர் பொறுப்பு, நீங்க பண்ணின சேதமா இல்லாத வரைக்கும். எழுத்துல தெரிவிச்சும் செய்யலன்னா, நீங்க செஞ்சு வாடகையில கழிக்கவும் சட்டத்துல வழி உண்டு. நிஜத்துல, காலி பண்ணும்போது பெயிண்டிங்னு ஒரு மாச வாடகையைப் பிடிப்பாங்க. அதனால குடிபோற அன்னிக்கே எல்லாச் சுவரையும் வீடியோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க. தேதியோட சாட்சி ஆயிடும்.

புது ஃபிளாட்னா ரெரா சட்டத்துல பொசிஷன் கொடுத்த நாள்லருந்து 5 வருஷம் வரைக்கும் கட்டமைப்பு, வேலைத்தரக் குறைகளை பில்டர் 30 நாள்ல இலவசமா சரி பண்ணணும். ஆனா 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலம், இல்லன்னா 8 வீட்டுக்கு மேற்படாத திட்டம்னா ரெரா பதிவே தேவையில்ல. நம்ம ஊர்ல வர்ற சின்னச் சின்ன அடுக்குமாடி பல இதுக்குள்ள வந்துடும். வாங்குறதுக்கு முன்னாடி பதிவு எண்ணைக் கேளுங்க. பழைய வீடுன்னா சொத்து மாற்றுச் சட்டம் 55-வது பிரிவு இருக்கு: சாதாரணக் கவனத்தோட பாத்தாலும் தெரியாத முக்கியக் குறையை, தனக்குத் தெரிஞ்சிருந்தா, விக்கிறவர் சொல்லணும். அந்தச் "சாதாரணக் கவனம்" நீங்க காட்டினதுக்கு ஆதாரம் வேணும்ல? டார்ச் அடிச்சு எடுத்த போட்டோவும், "வீட்டில் இதுவரை நீர்க்கசிவு இருந்ததா" என்று கேட்டு வாங்கின எழுத்துப் பதிலும்தான் அது.

இன்ஷூரன்ஸை நம்பி இருக்காதீங்க. 2021 ஏப்ரல் முதல் இருக்கிற பாரத் கிருஹ ரக்ஷா பாலிசி புயல், வெள்ளம், தண்ணி டேங்க்கோ பைப்போ வெடிச்சு வர்ற சேதத்துக்கெல்லாம் உண்டு. நம்ம மாவட்டத்துல வீடு வச்சிருக்கிறவங்க கட்டாயம் எடுக்கணும்ங்கிறது என் கருத்து. ஆனா அது திடீர் நிகழ்வுக்கு. வருஷக்கணக்கா மெதுவா ஊறுற ஓதம் அந்தப் பட்டியல்ல இல்ல.

வரியில? பழைய ரெஜிம்ல, நீங்க குடியிருக்கிற வீட்டை ரிப்பேர் பண்ண வாங்கின கடனுக்கு வட்டிக் கழிவு வருஷம் 30,000 ரூபாய் வரைதான், அதுவும் அந்த 2 லட்ச வரம்புக்குள்ளயே. புது ரெஜிம்ல அதுவும் கிடையாது. வாடகைக்கு விட்ட வீடுன்னா 30 சதவீத ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் தானா கிடைக்கும், நீங்க ரெண்டு லட்சம் செலவழிச்சாலும் ஒரு ரூபாய் கூட செலவழிக்கலன்னாலும் அதே 30 தான்.

ஈரம் கண்டுபிடிச்ச உடனே வீடு வேண்டாம்னு ஓட வேண்டியதில்ல. ரெண்டு கொத்தனார்கிட்ட எழுத்துல கொட்டேஷன் வாங்கி, அந்தத் தொகையை விலையில குறைக்கச் சொல்லுங்க. "பத்திரத்துல அதே விலை இருக்கட்டும், வித்தியாசத்தைக் கேஷா தர்றேன்"னு சொன்னா ஒத்துக்காதீங்க. பத்திரத்துல இருக்கிற விலைக்குத்தான் நீங்க 9 சதவீதம் கட்டப்போறீங்க. அட்வான்ஸையும் செக், ஆன்லைன்லயே கொடுங்க. சொத்து விக்க 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கினா, வாங்கினவருக்கு அதே தொகை அபராதமா வரும். கேஷ் கேக்குற ஓனர்கிட்ட இதை மெதுவா எடுத்துச் சொல்லுங்க, அப்புறம் அவரே அக்கவுண்ட் நம்பர் கொடுப்பார்.